தூரிங்கியரின் ஆளில்லாத குழி

சாப்பிட வந்து உட்கார்ந்த அரசன் மேசையைப் பார்த்துத் திகைத்துப்போனான். பாதி மேசைக்குத்தான் விரிப்பு விரித்திருந்தது. மற்றப் பாதி வெறும் பலகை. இதென்ன கோலம் என்று கேட்டான். "பாதி ராச்சியம் வைத்திருக்கிற ஆளுக்குப் பாதி மேசை போதும்" என்றாள் அரசி.

இதை நான் சொன்ன இடம் ஜேர்மனியில், வுப்பர்டால் நகரில் எங்கள் வீட்டுச் சமையலறை. 2008 டிசம்பர், நத்தார் விடுமுறை. அப்போது நான் ஹாலேயில் தொல்லியல் படித்துக்கொண்டிருந்தேன். யாரைக் கண்டாலும் பிடித்து வைத்துத் தூரிங்கியர் கதை சொன்ன காலம் அது. ஆயிரத்தைந்நூறு வருடங்களுக்கு முன்பு, இன்றைய ஜேர்மனியின் நடுவில், இரண்டு மூன்று தலைமுறைக்கு மேல் நிலைக்காத ஒரு ராச்சியம். ரோமாபுரிக்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள், இவர்களுக்கு ஆர் இருக்கிறார்கள் என்று எனக்கு ஒரு வேகம்.

"பிறகு?" என்றார் அப்பா, சோற்றைக் குழைத்தபடி. தொழிற்சாலையில் சிப்ட் முடிந்து வந்தவர்.

"அவன் ஒரு தம்பியை முதலே கொலை செய்துபோட்டான் அப்பா. மற்றத் தம்பியையும் முடிக்க வேணும் எண்டு பக்கத்து நாட்டுப் பிராங்கியரைத் துணைக்குக் கூப்பிட்டான். வெண்டால் பாதி நாடு தாறன் எண்டவன்."

"குடுத்தவனோ?"

"இல்லை."

"சரி, விளங்கிச்சு. உதை அங்கை போய்க் கிண்டித்தான் படிக்க வேணுமோ? எங்கடை சனத்திட்டைக் கேட்டாலே சொல்லுவினம்."

"சாப்பிடேக்கை உந்தக் கொலைக் கதையளை விடுங்கோ ரண்டு பேரும்" என்றார் அம்மா. அம்மாவின் ஒரு காது எங்களிடமும் மற்றக் காது தொலைபேசியிடமும் இருந்தன. தொலைபேசியைச் சாப்பாட்டு மேசைக்கே கொண்டுவந்து, சோற்றுச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.

காரணம் சின்னம்மா. அம்மாவின் ஒரே தங்கை. மன்னாரில் வாழ்க்கைப்பட்டுப் போனவர். புருஷன் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகளும் இல்லை. மன்னார்ப் பக்கம் சண்டை தொடங்கியதிலிருந்து சனத்தோடு சனமாக வன்னிக்குள் கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தார். எங்காவது லைன் கிடைத்தால் எங்களுக்குப் போன் எடுப்பார். அன்றைக்கு எடுத்தார். அம்மா கதைத்து முடித்து, அழுது முடித்து, என்னிடம் தந்தார்.

"என்னடி, வெள்ளைக்காரன்ரை குதிரை எலும்பு கிண்டுறியாம்? படிப்பிச்சு விட்ட கொப்பருக்கு நல்லாய் வேணும்."

"அது ராசாவின்ரை குதிரை, சின்னம்மா."

"ராசா எங்கை?"

"ராசாவைக் காணேல்லை. தேடுறம்."

"கண்டால் இஞ்சாலை அனுப்பி விடு. எங்களையும் ஆரும் பாக்க வேணுமே."

சிரிப்பு இரைச்சலோடு வந்து சேர்ந்தது. பிறகு அம்மாவைக் கேட்டார். நான் ஸ்பீக்கரில் போட்டேன். "அக்கா, இனி அடிக்கடி எடுக்க ஏலாது போலை கிடக்கு. எடுக்காட்டில் யோசியாதேங்கோ." லைன் போய்விட்டது.

அதற்குப் பிறகு அந்தத் தொலைபேசியில் சின்னம்மாவின் குரல் கேட்கவில்லை.

*

வசந்தத்தில் நான் மறுபடியும் உன்ஸ்ட்ரூட் ஆற்றங்கரை அகழ்வில் இருந்தேன். ஹாலேயிலிருந்து சின்ன ரயிலில் போக வேண்டும். புதிய பெருஞ்சாலை வரும் வழியில் ஒரு பழைய இடுகாடு அகப்பட்டிருந்தது. சாலை வருவதற்கு முன் கிண்டி எடுத்து, வரைந்து, பெட்டியில் போட்டுவிட வேண்டும். மேல் மண்ணை இயந்திரம் உரித்துவிட்டால் கீழே மஞ்சள் மண். அதில் கருமையாகப் படிந்த நீள்சதுரங்கள். ஒவ்வொரு கருமையும் ஒரு ஆள். மழை பெய்து ஓய்ந்த காலையில் அவை பளிச்சென்று தெரியும், யாரோ இரவில் வந்து மை தீட்டிவிட்டுப் போனதுபோல.

எனக்கு அந்த இடம் பைத்தியமாகப் பிடித்தது. தலை வெட்டிப் புதைத்த குதிரைகள் இரண்டை என் கையால் துப்புரவு செய்தேன். தூரிங்கியரின் எழுச்சியே குதிரையில்தான். ஹூணரின் பேரரசு நொறுங்கியபோது அதன் இடிபாட்டிலிருந்து எழும்பிய கூட்டங்களில் இவர்கள் ஒன்று. இவர்களுடைய குதிரைக்கு ரோமர் மத்தியில்கூட மதிப்பு. இத்தாலியை ஆண்ட கோத்திய அரசன் தன் சகோதரியின் மகளை இவர்களுடைய அரசனுக்குக் கட்டிக்கொடுத்தான். பதிலுக்கு வெள்ளி நிறக் குதிரைகள் போயின. பாதி மேசைக்காரி அவள்தான். அந்த மாமன் இத்தாலியில் உயிரோடு இருந்தவரை ஒருவரும் இவர்களைத் தொடவில்லை. அவன் செத்தான். ஐந்தாறு வருடத்தில் பிராங்கியர் படையோடு வந்துவிட்டார்கள்.

மண்வாரி இயந்திரம் ஓட்டியவர் அந்தப் பகுதிக்காரர், பெரிய வயிறும் பெரிய பகிடியும். மத்தியானம் கரி அடுப்பில் வாட்டிய தூரிங்கிய பிராட்வுர்ஸ்ட் சொசேஜை எனக்கு நீட்டுவார். "இந்தா, உன் ராச்சியம். அரசன் போனான், அரசி போனாள், கோட்டை போனது. வுர்ஸ்ட் இருக்கிறது. கடுகு போட்டுக்கொள்." பிறகு தன் பழைய அடையாள அட்டையைக் காட்டுவார். அவர் பிறந்த கிழக்கு ஜேர்மனியும் இல்லாமல் போன நாடுதான். "இதற்கு வுர்ஸ்ட்கூட மிஞ்சவில்லை."

ஈஸ்டருக்கு வீட்டுக்குப் போனபோது அப்பா தானாகவே கேட்டார். தொலைக்காட்சியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டுக்கொண்டு, "உன்ரை ஆக்கள் கடைசியிலை என்ன செய்தவை?" என்றார்.

"சண்டை நடக்கிற வெளியிலை குழியள் வெட்டி, மேலை புல்லுப் பத்தையை வைச்சு மூடினவை. எதிரியின்ரை குதிரையள் வந்து விழட்டும் எண்டு."

"விழுந்துதோ?"

"முதல் விழுந்தது. பிறகு பிராங்கியர் கவனமாய் வந்திட்டினம்."

அப்பா தலையை ஆட்டினார். அவர் பார்த்துக்கொண்டிருந்த வன்னிச் செய்திப் படத்தில் ஒரு மண் அணை. அதற்குப் பின்னால் கூடாரங்கள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. அதற்கு அடுத்த வரியை நான் சொல்லவில்லை. உன்ஸ்ட்ரூட் ஆற்றுக்குப் பின்வாங்கிய தூரிங்கியர் அங்கே எவ்வளவு பேர் வெட்டுப்பட்டார்கள் என்றால், ஆறு பிணத்தால் நிரம்பி, பிராங்கியர் பாலத்தில் நடப்பதுபோல அதன்மேல் நடந்து அக்கரை போனார்கள் என்று அந்தக் காலத்துப் பாதிரியார் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். ஹாலேயில் அதை நான் கை ஆட்டி ஆட்டிச் சொல்லுவேன். அந்த வீட்டில் வாய் வரவில்லை.

மே மாதத்தில் வன்னியில் எல்லாம் முடிந்துவிட்டது என்று செய்தி வந்தது. நான் குழிக்குள் மண்டியிட்டிருந்தேன். அப்பா போன் எடுத்தார். "முடிஞ்சுதாம்" என்றார், அவ்வளவுதான். சின்னம்மாவைப் பற்றிக் கேட்டேன். "ஒண்டும் தெரியாது. கொம்மா கதைக்கிறா இல்லை."

*

ஆளில்லாத குழி அகப்பட்டது அதற்குப் பிறகுதான்.

மற்றக் குழிகளைப் போலவே நேர்த்தியாக வெட்டிய குழி. ஆள் நீளம், ஆள் அகலம். கிண்டிக்கொண்டே போனோம். கால்மாட்டில் ஒரு மண்பானை. இடுப்புப் பக்கம் எலும்புச் சீப்பு, நூல் நூற்கும் கதிரில் கோர்க்கும் களிமண் வில்லை ஒன்று. பெண்ணின் சாமான்கள். பெண் இல்லை. ஒரு பல்கூட இல்லை.

கள்ளர் கிண்டியிருப்பார்கள் என்று நான் உடனே சொன்னேன். அந்த இடுகாட்டில் பாதிக் குழிகளைப் பழைய காலத்திலேயே கிண்டித் திருடியிருந்தார்கள். எங்கள் பொறுப்பாளர், நரைத்த தலைமுடியைக் கட்டையாக வெட்டியிருக்கும் பெண், இல்லை என்றார். கள்ளர் வந்திருந்தால் மண் கலங்கியிருக்கும், இங்கே கலங்கவில்லை. எலும்பு கரைந்திருக்குமோ? பக்கத்துக் குழிகளில் விரல் எலும்புவரை இருக்கிறது, இங்கே மட்டும் எப்படிக் கரையும்? "ஆள் இல்லாமல்தான் மூடியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்" என்றார். "நினைக்கிறேன், அவ்வளவுதான்."

போரில் செத்தவள் என்று நான் குதித்தேன். ஆற்றோடு போனவள். பிராங்கியர் பிடித்துக்கொண்டு போனவள். அவர் சிரிக்கவில்லை. "போருக்கு முந்தின குழியாகவும் இருக்கலாம். நீ கதையை முதலில் எழுதிவிட்டுப் பிறகு மண்ணைக் கிண்டுகிறாய்."

மணிகளை நான்தான் கண்டேன். தலைமாட்டுக்குச் சற்றுக் கீழே, கண்ணாடி மணிகள், மஞ்சளும் சிவப்பும். சிதறியிருக்கவில்லை. வளையமாக இருந்தன. கழுத்து எங்கே இருக்க வேண்டுமோ அந்த இடத்தில், ஒரு கழுத்தைச் சுற்றி விழுவதுபோல, யாரோ மாலையை வட்டமாக வைத்துவிட்டு மண்ணைப் போட்டிருந்தார்கள். மண்வாரிக்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்.

*

வுப்பர்டாலில் எங்கள் கத்தோலிக்கக் கோவிலில் மாதம் ஒருமுறை தமிழ்ப் பூசை. பூசையில் மன்றாட்டுகளை வாசிக்கும் அண்ணை ஒருவர் இருந்தார். வாசலிலேயே நின்று ஒவ்வொரு குடும்பத்திடமும் ஆருக்காக என்று கேட்டு வைத்துக்கொள்வார். முதலில் நோயாளர், துன்பப்படுகிறவர்கள், காணாமல் போனவர்கள். பிறகு மரித்தவர்கள். அந்த வருடம் அவருக்குக் குரல் அடைத்துப்போகும் அளவுக்குப் பெயர்கள். பெயர்கள் மாதாமாதம் முதல் பகுதியிலிருந்து இரண்டாம் பகுதிக்கு மாறிக்கொண்டிருந்தன.

சின்னம்மாவை அம்மா முதல் பகுதியில் வைத்திருந்தார். செய்தி இல்லை, முகாம்களில் தேடிய ஆட்களுக்கும் பிடி கிடைக்கவில்லை. சொந்தக்காரர்கள் சாடையாகச் சொல்லிப் பார்த்தார்கள், பிறகு நேரடியாகவே சொன்னார்கள்: சண்டை முடிஞ்சு முப்பத்தோராம் நாளும் கழிஞ்சுது, அந்த ஆத்துமாவுக்கு ஒரு பூசை குடுக்க வேண்டாமோ? அவளுக்கு உன்னை விட்டால் ஆர் இருக்கினம்? அம்மா ஒரே பதில்தான் சொன்னார். "எடுக்காட்டில் யோசியாதேங்கோ எண்டு சொன்னவள். நான் யோசிக்கேல்லை."

அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. ஆடி மாதப் பூசைக்கு முன்பு அண்ணையைத் தனியாகப் பிடித்து, இந்த முறை மற்றப் பக்கத்தில் வாசியுங்கோ, அவ அழுது தீர்க்கட்டும் என்று சொல்லிவிட்டார். எனக்கும் தெரியாது. நானும் அன்றைக்குக் கோவிலில் இருந்தேன்.

மரித்தவர்களின் பெயர்கள் வந்தன. நடுவில் சின்னம்மாவின் பெயர்.

அம்மா எழும்பினார்.

"இல்லை" என்றார். பாடகர் குழுவில் ஹார்மோனியம் வாசித்த பெடியன் கையை எடுத்துவிட்டான். "அண்ணை, அவள் சாகேல்லை. மாத்தி வாசியுங்கோ."

அண்ணை சுவாமியாரைப் பார்த்தார். பின்வரிசையில் யாரோ தேம்பத் தொடங்கினார்கள். அது அம்மாவுக்காக அல்ல, தங்கள் ஆட்களுக்காக. அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "துன்பப்படுகிறவர்களுக்காக" என்று தொடங்கி, சின்னம்மாவின் பெயரை மட்டும் தனியாக வாசித்தார். "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று எல்லோரும் சொன்னோம். அம்மா உட்கார்ந்தார்.

வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போது அம்மா அப்பாவிடம் சொன்னார்: "நீங்கள் அவளைக் கொல்ல அவசரப்படாதேங்கோ."

ஆவணியில் கெவலார் மாதா யாத்திரைக்குப் போனோம். வருடம் வருடம் ஐரோப்பா முழுவதிலிருந்தும் எங்கள் சனம் வரும். இறைச்சி வைத்துப் பொரித்த றோல்ஸ் வாசமும் மெழுகுவர்த்திப் புகையுமாக ஒரு திருவிழா. அந்த வருடம் சனம் படங்களோடு வந்திருந்தது. கல்யாணப் படம், அடையாள அட்டைப் படம். "இவவை ஆரும் கண்டனீங்களோ?" அம்மாவும் சின்னம்மாவின் படத்தோடு நின்றார். பாரிஸிலிருந்து வந்த ஒரு அக்கா படத்தை வாங்கிக் கனநேரம் பார்த்தார். முகாமில் இருக்கிற தன் தம்பி கடைசி நாட்களில் இப்படி ஒரு மனிசியைக் கண்டதாகச் சொன்னவராம், தண்ணி எடுக்கப் போனவவாம். "திரும்பி வந்தவவோ?" என்றார் அம்மா. "அது அவனுக்குத் தெரியாது, அக்கா. அவனும் பிறகு அந்த இடத்திலை நிக்கேல்லை."

*

அகழ்விடத்தில் பெட்டி பெட்டியாகச் சாமான் கட்டி முடியும் தறுவாயில், புரட்டாதியில், அம்மா என்னிடம் கேட்டார்: "அந்த ஆளில்லாத குழி எண்டு சொன்னியே, மூடிப்போட்டினமோ?"

நான் அதைப் போனில் உளறியிருந்தேன். அம்மா கேட்டுக்கொண்டிருந்தார் என்றே தெரியாது.

ஒரு சனிக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். கைப்பையில் தேத்தண்ணிப் போத்தலும், ஈயத்தாளில் சுற்றிய றோல்ஸும். தன் அரைகுறை ஜேர்மனில் எல்லோருக்கும் கொடுத்தார். மண்வாரிக்காரர் ஒன்றைக் கடித்து, உறைப்பில் கண் கலங்கி, இது எந்த ராச்சியம் என்று என்னிடம் கேட்டார். நான் மொழிபெயர்க்கவில்லை.

அந்தக் குழி மட்டும் இன்னும் திறந்திருந்தது; அடுத்த வாரம் சரளைக்கல் கொட்டிவிடுவார்கள். பொறுப்பாளர் மணிகள் வைத்த பெட்டியைக் கொண்டுவந்து அம்மாவிடம் காட்டினார். அம்மா தொடவில்லை. குழியின் தலைமாட்டை நான் கை நீட்டிக் காட்டினேன்.

"தலை இந்தப் பக்கம் எண்டு எப்பிடிச் சொல்லுறியள்? ஆளில்லைத்தானே."

"மணி வட்டமாய் இருந்ததம்மா. கழுத்து வாற இடத்திலை."

அம்மா குழியின் ஓரத்தில் குந்தினார். "ஆரோ இறங்கி வைச்சிருக்கினம். மேலை நிண்டு போட்டால் வட்டமாய் விழாது."

அது எனக்குத் தோன்றியிருக்கவில்லை. பொறுப்பாளருக்குச் சொன்னேன். அவர் தலையை மெல்ல ஆட்டினார்.

"கேள்" என்றார் அம்மா. "இதைச் செய்தவை எவ்வளவு காலம் பாத்துக்கொண்டு இருந்திட்டுச் செய்திருப்பினம்?"

கேட்டேன். பொறுப்பாளர் பெட்டியை மூடினார். மணிகள் எந்தக் காலத்தவை, சீப்பு எந்தப் பாணி, எல்லாம் சொல்லலாம். எவ்வளவு காலம் காத்திருந்தார்கள் என்பது மண்ணில் பதிவதில்லை. "அதை எங்களால் சொல்ல முடியாது" என்றார். அம்மாவுக்கு அந்த ஜேர்மன் விளங்கியது; மொழிபெயர்ப்புக்காக என்னைப் பார்க்கவில்லை.

திரும்பும் ரயிலில், கதை சொல்லாமல் இருக்கத் தெரியாத நான், முடிவையும் சொன்னேன். தப்பியோடிய தூரிங்கிய அரசனை வெற்றிபெற்ற பிராங்கிய அரசன் விருந்தாளியாக அழைத்தான். உயிருக்கு ஒன்றும் வராது என்று வாக்குக் கொடுத்தான். எங்கள் வுப்பர்டாலிலிருந்து அவ்வளவு தூரமில்லாத ஒரு ஊர். மதில்மேல் நின்று கதைத்துக்கொண்டிருக்கும்போது யாரோ தள்ளிவிட்டார்கள். ஆர் என்று இன்றுவரை தெரியாது. அதோடு ராச்சியம் சரி.

அம்மா ராசாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அந்த வீட்டிலை பொம்பிளைப் பிள்ளையள் இல்லையோ?"

இருந்தாள். முதல் கொலையுண்ட தம்பியின் மகள், சின்னப் பெண். அவளையும் அவளுடைய சகோதரனையும் பிராங்கியர் பிடித்துக்கொண்டு போனார்கள். வளர்ந்ததும் பிடித்தவனையே கட்ட வேண்டி வந்தது. பிறகு அவன் அவளுடைய சகோதரனையும் கொல்வித்தான். அவள் அரண்மனையை விட்டு வெளியேறி, கன்னியாஸ்திரியாகி, மடம் கட்டி, கடைசியில் புனிதையும் ஆனாள்.

"சகோதரனைக் கொலை செய்தது அவளுக்குத் தெரியவந்ததோ?"

"ஓம் அம்மா. அதாலைதான் வெளிக்கிட்டவள்."

யன்னலுக்கு வெளியே அறுவடை முடிந்த வயல்கள்.

"அப்ப அவள் குடுத்து வைச்சவள்" என்றார் அம்மா.

*

கார்த்திகை, மரித்தோரின் மாதம். கோவில் வாசலில் அந்த அண்ணை எங்களைக் கண்டதும், ஒன்றும் கேட்காமல், வழமைபோல முதல் பகுதிக்குத் தலையை ஆட்டினார். அம்மா நின்றார்.

"அண்ணை. மற்றப் பக்கத்திலை வாசியுங்கோ."

"செய்தி ஏதும் வந்ததோ, தங்கச்சி?"

"இல்லை. வராது."

பெயர் வாசிக்கப்பட்டபோது அப்பா அம்மாவைப் பார்த்தார், எழும்புவாரோ என்று. அம்மா எழும்பவில்லை. "நித்திய இளைப்பாற்றியை அளித்தருளும்" என்று எல்லோரோடும் சேர்ந்து சொன்னார், கொஞ்சம் பிந்தி.

வீட்டுக்கு வந்ததும், வன்னிக்கு அனுப்பவென்று கட்டி, அனுப்ப வழியில்லாமல் அலுமாரிக்கு மேலே கிடந்த பொதியை இறக்கி, ஒட்டுப்பட்டியை வெட்டினார். இரண்டு நைற்றி, சவர்க்காரம், சுருட்டி வைத்த கம்பளிச் சால்வை. சால்வையை என்னிடம் தந்தார். "அடுத்த குழியடியிலை குளிருமெல்லே." மற்றதை மடித்து உள்ளே வைத்தார். பிறகு சமைத்தார். மூன்று பேரும் உட்கார்ந்தோம். தொலைபேசி இன்னும் அதே இடத்தில்தான், சோற்றுச் சட்டிக்குப் பக்கத்தில். அதை எடுத்துவைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

அது அடித்தது.

அம்மா சோற்றுக் கையோடு பாய்ந்து எடுத்தார். "ஹலோ? ஹலோ?" கதிரை பின்னால் விழுந்தது. அந்தப் பக்கம் ஒரு ஜேர்மன் பெண், இன்ரநெற் மலிவாகத் தருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார், வைக்காமல். அப்பா எழும்பி, கதிரையைத் தூக்கி, அம்மாவுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றார்.